இருபத்திரண்டு நாள் விடுப்பில் ஒரு திருமணம்

கேள்வி: அக்கா, எனக்கு இருபத்தைந்து வயது. பெங்களூர் மர்பி டவுனில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு வேலை. நிச்சயம் முடிந்து ஏழு மாதமாகிறது. அவர் ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் நாயக். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். வைகாசியில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். இப்போது அவருடைய கம்பெனி (அவர் இருக்கும் படைப்பிரிவு) லடாக் போகிறது. போவதற்கு முன் இருபத்திரண்டு நாள் விடுப்பு. அதற்குள் முடித்துவிடலாம் என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். திரும்பி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் என் பெரியப்பா. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டிய கையோடு அனுப்பிவிட்டு எப்படி இருப்பேன்? சாமியை நம்பி இரு என்கிறார்கள். நம்பினால் தாங்கிக்கொள்ள முடியுமா? வழியனுப்பும்போது அழக்கூடாது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பதில்:

உன் கேள்வியை நேற்று இரவு படித்தேன் அம்மா. படித்துவிட்டு நெடுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என்ன என்று கேட்டார். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். அவரும் மதராஸ் சாப்பர்ஸ்தான். சுபேதாராக ஓய்வு பெற்றவர். படித்துவிட்டு, "தெரிந்ததை எல்லாம் எழுது, ஒன்றையும் மறைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே எழுதுகிறேன். அழுவதைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்குத் திருமணம் 2001 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, அல்சூரில். அடுத்த வாரம் முழுவதும் அவர் ஊரில் விருந்து. டிசம்பர் 13 அன்று அவருடைய சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் என்று காட்டினார்கள். கை கழுவ எழுந்தவர் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார். கையில் ஒட்டிய சோறு காய்ந்துபோகும்வரை பார்த்தார். அன்றிரவே பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார். யாரும் அவரை அழைக்கவில்லை. தந்தி வர இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆனால் பெட்டி இறங்கிய அந்த இரவே அவர் பாதி போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிசம்பர் 21 அன்று பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் ரயில் ஏற்றினோம். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறி பத்தொன்பது நாள்.

அது ஆபரேஷன் பராக்ரம். பாகிஸ்தான் எல்லை நெடுகிலும் ராணுவம் திரண்டு நின்றது. போர் வரவில்லை, ஆனால் 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவிக்கும்வரை, நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்றே பத்து மாதம் கழிந்தது. சாப்பர்களுக்கு அந்தப் பத்து மாதத்திலும் கைநிறைய வேலை. எல்லையோர வயல்களிலும் மணலிலும் கண்ணிவெடி புதைக்கும் வேலை. பிறகு, புதைத்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் தோண்டி எடுக்கும் வேலை. இரண்டாவதுதான் கொடியது. மணல் நகரும், மழை மண்ணை இழுக்கும்; வரைபடத்தில் குறித்த இடத்தில் வெடி இருக்காது. என் கணவர் அந்த வேலையில் இருந்தார் என்பதே அவர் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கடிதங்களில் "இங்கே ரோடு வேலை" என்று எழுதுவார்.

ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்ட கதை அல்ல. கடந்த சில ஆண்டுகளாக அல்சூரிலும் மர்பி டவுனிலும் இருக்கும் ஜவான்களின் மனைவிகளோடு உட்கார்ந்து அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். எங்கே சறுக்குகிறது என்று அதில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

முதலில், இப்போதா பிறகா என்ற கேள்வி.

உன் பெரியப்பா சொல்வதன் உள்ளே ஒரு பயம் இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். "அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண்ணின் கதி என்ன?" என்பதுதான் அது. அந்தப் பயத்துக்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உன்மேல் உள்ள அன்புதான் அப்படிப் பேசுகிறது. மாப்பிள்ளை வீட்டார் அவசரத்துக்குள்ளும் இதே பயம்தான் இருக்கிறது. "கால்கட்டுப் போட்டுவிட்டால் பத்திரமாக வருவான்" என்பார்கள். தாலி பனிச்சரிவைத் தடுக்காது அம்மா. இந்த இரண்டு பயங்களில் எதன் பக்கமும் நின்று நீ முடிவெடுக்கக் கூடாது.

உன்னையே ஒன்று கேட்டுக்கொள். திருமணத்தை வைகாசிக்கு மேல் தள்ளிப்போட்டால், அவர் லடாக்கில் இருக்கும் இந்தக் காலத்தில் உன் கவலை குறைந்துவிடுமா? ஏழு மாதம் பேசிப் பழகி, அவர் குரல் மாறினாலே உனக்குத் தெரிகிறது என்றால், கவலை ஏற்கனவே வந்துவிட்டது. அதைச் சுமக்கப்போவது உறுதி. நிச்சயமான பெண்ணாகச் சுமக்கிறாயா, மனைவியாகச் சுமக்கிறாயா என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. இங்கே ஒரு கடுமையான உண்மையைச் சொல்ல வேண்டும். ராணுவத்தின் ஏட்டில் நிச்சயமான பெண் என்று ஒருத்தி கிடையாது. அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட யூனிட் உன்னைக் கூப்பிடாது. நீ அவர் அம்மாவுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லும் அளவுக்குத்தான் தெரிந்துகொள்வாய். பதிவான மனைவிக்கு நின்று கேட்க ஓர் இடம் உண்டு.

அதே சமயம், இன்னும் நன்றாகப் பழக வேண்டும் என்று மனதின் ஓரத்தில் தோன்றினால், அதை இந்த இருபத்திரண்டு நாள் விடுப்பின் வேகத்தில் அமுக்கிவிடாதே. மண்டபம், பத்திரிகை, நகை என்று எல்லோரும் ஓடும்போது அந்தச் சிறிய குரல் கேட்காது. தள்ளிப்போட்டால் போவது கொஞ்சம் முன்பணம்தான். ஒருவரைத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டு உடனே பிரிந்தால், இல்லாத மனிதர் ஒருவரை நீயே மனதில் செய்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பாய். வருகிறவர் வேறாக இருப்பார். அப்படிக் கலங்கி என்னிடம் வந்த பெண்கள் இருக்கிறார்கள்.

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், உன் கேள்வி "இவரா" என்பது அல்ல, "எப்படி" என்பதே. அப்படியானால் என் பேச்சு இதுதான்: செய்துகொள். சிறியதாகச் செய்துகொள். கோயிலில் தாலி, வீட்டில் சாப்பாடு. மிச்சமாகும் நாள்களை உறவுக்காரர் வீட்டு விருந்துகளில் தீர்த்துவிடாதே. என் பத்தொன்பது நாளில் பதினோரு நாள் யார் யார் வீட்டிலோ பாயசம் குடித்தே போய்விட்டது. இன்றுவரை அதுதான் என் வருத்தம்.

இனி, காகிதம். இதைச் சொன்னால் பெண்களுக்கு முகம் வாடிவிடுகிறது. திருமணப் பேச்சில் நாமினி, உயில் என்பது அபசகுனம்போல் இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய அன்பு தெரியவில்லை. தான் அருகில் இல்லாதபோது உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். அதில் என்ன அபசகுனம்?

திருமணம் முடிந்த முதல் வாரத்திலேயே துணைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய வேலை. அவர் போன பிறகு ஒருவராகச் செய்ய முடியாது. வேலூரில் நடந்தால் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாள் அவகாசம் உண்டு என்று யாராவது சொல்வார்கள். அந்த 90 நாளும் அவர் மலையில் இருப்பார் என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள். மாற்று மதத்தில் மணப்பவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் போனால் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. உன் தோழிகளில் யாருக்காவது இதே நிலை வந்தால் விடுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்.

பதிவுச் சான்றிதழ் கையில் வந்ததும் பார்ட்-2 ஆர்டர். இந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொள். ஒரு ஜவானுக்குத் திருமணம் ஆனதும் குழந்தை பிறந்ததும் அந்த ஆணை வழியாகத்தான் ஆவணத்தில் ஏறும். அது வெளியாகும்வரை ஊரறிய மணந்திருந்தாலும் ராணுவத்துக்கு நீ யாரும் இல்லை. ராணுவ மருத்துவமனை அட்டை, கேன்டீன் அட்டை, குடும்பக் குடியிருப்புக்கான வரிசை எல்லாம் அதன் பின்னால்தான். சாப்பர்ஸுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஜவான்களின் ஆவணங்களை வைத்திருக்கும் அவர்களுடைய ரெக்கார்ட்ஸ் அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. வேறு சில ரெஜிமென்ட்டுகளில் இருப்பவர்களின் மனைவிகள் வடநாட்டுக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்கும்போது, உன் வீட்டிலிருந்து ஓர் ஆட்டோ தூரம்.

திருமணத்துக்கு முன் அவர் கொடுத்த நாமினேஷன்களில் அம்மா அல்லது அப்பா பெயர்தான் இருக்கும். குழுக் காப்பீடு, சேமநிதி, வங்கிக் கணக்கு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கச் சொல். இங்கேதான் பக்குவம் வேண்டும். நீ போய் "என் பெயரை எழுது" என்று கேட்டால் மாமியார் மனதில் முள் தைக்கும். அவரே பெற்றோரிடம் பேச வேண்டும். பெற்றோருக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு என்று காப்பீட்டைப் பிரித்து எழுதலாம். என் கணவர் என் மாமியாரை உட்காரவைத்து, என் முன்னிலையிலேயே பேசி, பங்கு பிரித்தார். அந்த ஒரு மாலைப் பேச்சினால் எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாகச் சந்தேகம் என்ற ஒன்றே நுழையவில்லை.

அவருடைய சர்வீஸ் நம்பர், ரேங்க், யூனிட் பெயர், ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) முகவரி, யூனிட் போன பிறகும் பழைய இடத்திலேயே தங்கும் ரியர் பார்ட்டியின் போன் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வை. போனில் மட்டும் வைத்திருக்காதே. போன் உடையும், தொலையும். யூனிட் எங்கே இருக்கிறது, எப்போது நகர்கிறது என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே. சீருடைப் படத்தைப் போட ஆசையாகத்தான் இருக்கும்; அடக்கிக்கொள். "ஹெட்குவார்ட்டர்ஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணவர் விவரம் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் எதையும் சொல்லாமல் வைத்துவிட்டு ரியர் பார்ட்டிக்குப் பேசு.

காகிதம் போதும். அவர் போன பிறகு வரும் நாள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

லே 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர். அங்கே போய் இறங்கியதும் முதல் ஆறு நாள் உடலைப் பழக்குவதற்கே ஒதுக்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் படுக்கை ஓய்வு, பிறகு மெல்ல நடை. அதற்கும் மேலே ஏற வேண்டுமானால் ஒவ்வொரு உயரத்திலும் இன்னும் நான்கு நான்கு நாள். அந்த முதல் வாரம் அவர் பேசும்போது மூச்சு வாங்கும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார். தலைவலி என்பார். பயந்துவிடாதே; அந்த உயரம் யாரையும் அப்படித்தான் பேசவைக்கும். அந்த வாரம் நீண்ட பேச்சு வேண்டாம். அதற்குப் பிறகு இன்னும் உயரமான நிலைகளுக்குப் போனால் வாரக்கணக்கில் அழைப்பு வராமலும் இருக்கலாம். போகும் முன்பே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: அழைப்பு வராவிட்டால் அதற்கு லைன் இல்லை என்று மட்டுமே பொருள். கோபம், மறதி, ஆபத்து என்ற மூன்றும் அந்தக் கணக்கில் சேராது. நாங்கள் இந்த ஒப்பந்தம் செய்யாமல் போனதால், கடிதம் பன்னிரண்டு நாள் தாமதித்தபோதெல்லாம் நான் மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக் காய்ந்தேன்.

ஜவான்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. களப்பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வர முடியாது. முறை வைத்துத்தான் வருவார்கள். பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார் என்று பண்டிகையோடு முடிச்சுப் போட்டு வைக்காதே. அவர் வரும் நாள்தான் உங்கள் வீட்டில் தீபாவளி. களத்தில் இரண்டு மூன்று ஆண்டு முடிந்தால் அமைதி நிலையம், அதாவது எல்லைக் களம் அல்லாத ஊரில் பணி, கிடைக்கும்; குடும்பத்தோடு இருக்கலாம்.

எங்கே இருப்பது என்ற கேள்வியும் உனக்கு வரும். என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஏழு மாதம் மாமியாரோடு ஊரில் இருந்தேன். அந்த ஆடி மாதம் என் அம்மா சீர்த்தட்டோடு வந்து நின்றார், என்னை அழைத்துப் போக. ஆடியில் புதுப்பெண்ணைக் கணவனிடமிருந்து பிரித்து வைப்பதல்லவா வழக்கம்? என் மாமியார் என் அம்மாவைப் பார்த்தார். "சம்பந்தி, யாரிடமிருந்து பிரிக்க வந்தீர்கள்?" என்று கேட்டார். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து இருவரும் அழுதார்கள். அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் பிரிவை நான் மட்டும் சுமக்கவில்லை. அந்தக் கிழவி தன் மகனைச் சுமந்துகொண்டு, என்னையும் சுமந்துகொண்டிருந்தார். ஆகவே எங்கே இருந்தாலும் உன் மாமியாரிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது பேசு. உன் கணவர் உன்னிடம் பேசியதை அவர்களுக்குச் சொல். மகன் மருமகளுக்கு மட்டும் போன் செய்கிறான் என்ற எண்ணம் ஒரு தாய்க்கு வரவிடாதே.

வேலையை விடாதே. சிலர், "புருஷன் சம்பளம் வருகிறதே" என்பார்கள். காலையில் குளித்துக் கிளம்பிப் போக ஓர் இடம் இருப்பது சம்பளத்தைவிடப் பெரிது. நான் ஆடிக்குப் பெங்களூர் வந்தவள் அங்கேயே தங்கி, சிவாஜிநகரில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். அதற்கு முந்தைய ஏழு மாதமும் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு போட்டால் நாள் நகராது, கண்தான் தேயும்.

இன்னொன்று. திருமணமான அடுத்த மாதத்திலிருந்தே "விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். சில நாள்கள் மட்டுமே சேர்ந்திருந்த பெண்ணிடம் மாதா மாதம் இப்படிக் கேட்பது கொடுமை. அதைக் கொடுமை என்று அறியாமலே அன்பானவர்களும் கேட்பார்கள். குழந்தை எப்போது என்பதை நீங்கள் இருவரும் போகும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கேட்பவர்களுக்கு, "அவர் வரட்டும் அத்தை" என்ற ஒரே பதில் போதும்.

இப்போது நம்பிக்கை. இதைத்தான் நீ உண்மையில் கேட்டாய் என்று நினைக்கிறேன்.

நம் பழைய தமிழில் முல்லைத் திணைக்குச் சொன்ன ஒழுக்கம் இருத்தல். தலைவன் போர் முனைப் பாசறையில் இருப்பான். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போயிருப்பான். அவள் வீட்டில் இருப்பாள். வீட்டின் முதிய பெண்கள் மாலையில் நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தெய்வத்தை வணங்கி, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் விழாதா என்று காது கொடுத்து நிற்பார்கள். விரிச்சி கேட்பது என்று அதற்குப் பெயர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெண்ணுக்கும் போன் ஒலிக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் உனக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1780-இல் தொடங்கிய இந்தச் சாப்பர்ஸ் படையில் ஜவானைத் "தம்பி" என்றுதான் அழைப்பார்கள். அன்றிலிருந்து தம்பிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள். இருத்தல் என்ற சொல்லைக் கவனி. காத்திருப்பதும் அதுதான், உயிரோடு இருப்பதும் அதுதான். நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அவர் வந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று நினைத்து நான் ஏழு மாதத்தை வீணாக்கினேன். அந்த ஏழு மாதமும் என் இல்லற வாழ்க்கைதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த நாள்களில் என் பக்தி பேரம் பேசும் பக்தியாக இருந்தது. அல்சூர் முருகனிடம் போய், "இவரை முழுதாகக் கொண்டுவந்து சேர், ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டினேன். தினமும் சஷ்டி கவசம் சொல்வேன். உனக்குத் தெரியும், அது முகம் முதல் ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்வது. கணைக்கால், முழங்கால், விரல், பாதம் என்று வரும் இடத்தை இரண்டு முறை சொல்வேன். ஏன் அந்த இடத்தில் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அவர் கண்ணிவெடி வயலில் கால் வைத்து நடந்துகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தபோது உடல் நடுங்கியது.

2002 மே 14. ஜம்மு அருகே காலுசக்கில் ராணுவக் குடியிருப்புக்குள் பயங்கரவாதிகள் புகுந்து ஜவான்களின் மனைவிகளையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று என்னால் விளக்கு ஏற்ற முடியவில்லை. அந்தப் பெண்களும் காலையில் விளக்கேற்றியிருப்பார்கள்தானே? அவர்களும் யாரிடமோ எதையோ வேண்டியிருப்பார்கள்தானே? என் பால்குடத்தை ஏற்றுக்கொண்டு அவர்கள் வேண்டுதலைத் தள்ளும் கடவுள் என்றால், அவரை நான் எப்படிக் கும்பிடுவது? சில வாரம் கோயில் பக்கமே போகவில்லை.

பெங்களூர் வந்த பிறகு பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கத்தோலிக்கர். கணவர் 1987-இல் அமைதிப் படையோடு இலங்கைக்குப் போய்த் திரும்பவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத் திருவிழாவுக்குப் போவார். அதற்கு முந்தைய நவநாள்களிலும் ஒன்றுவிடாமல் போவார். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அவர் போன பிறகும் எப்படி அக்கா கோயிலுக்குப் போகிறீர்கள்?" அவர் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "முதல் வருஷம் மாதாவோடு சண்டை போடத்தான் போனேன். அடுத்த வருஷமும் சண்டைக்குத்தான். பிறகு சண்டை தீர்ந்துபோயிற்று. போவது நிற்கவில்லை. அவளும் மகனைப் பறிகொடுத்தவள்தானே. பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்."

அந்தப் பேச்சு என்னை மாற்றியது. அதற்குப் பிறகு நான் பேரம் பேசவில்லை. கோயிலுக்குப் போனால் அவருடைய கம்பெனியில் எனக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களையும் சொல்வேன். கடிதங்களில் அவர் எழுதும் பெயர்கள்: சமையல்காரர், லைன்மேன், ஆந்திராவிலிருந்து வந்த புதுப் பையன். "இன்று என்ன வந்தாலும் அதைத் தாங்கும் பலத்தை அவருக்கும் கொடு, எனக்கும் கொடு" என்று மட்டும் கேட்டேன். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை அம்மா. பயம் இருந்த இடத்தில் இருந்தது; அதன் பக்கத்தில் உட்கார இன்னொன்று வந்தது. இரவில் தூங்க முடிந்தது. நம்பினால் தாங்க முடியுமா என்று கேட்டாய். இப்படி நம்பினால் முடியும் என்று என் வாழ்க்கையை வைத்துச் சொல்வேன். அவர் இருக்கும் இடத்திலும் சர்வ தர்ம ஸ்தலம் என்று எல்லா மதத்துக்கும் பொதுவான கோயில் இருக்கும். வாரந்தோறும் மந்திர் பரேடில், படையினர் கூடி வழிபடும்போது, அவரும் நிற்பார். இருவரும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணி என்றால், நீ வீட்டில் விளக்கேற்றும்போது அவர் மலையில் ஒரு நிமிடம் கண்மூடட்டும். லைன் இல்லாத நாளிலும் அந்த நிமிடம் உங்கள் இருவருக்கும் உண்டு.

திரும்பி வருவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, ஆவணியில், பன்னிரண்டு நாள் விடுப்பில் அவர் வந்தார். வீட்டில் கொண்டாட்டம். எனக்கோ ஓர் அந்நியர் வந்து நிற்பதுபோல் கூச்சம். அவர் வேகமாகச் சாப்பிட்டார், கதவுக்கு முகம் காட்டியே உட்கார்ந்தார். ஒரு மாலை கப்பன் பார்க் போனோம். எல்லோரும் புல்வெளியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சிமென்ட் பாதையை விட்டு இறங்கவே இல்லை. புல்லை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, தன் கூட இருந்தவனுக்கு ஒரு கால் போய்விட்டது, புனேயில் செயற்கைக் கால் பொருத்தப் போயிருக்கிறான் என்று சொன்னார். அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் பாதையோரச் சிமென்ட் பெஞ்சில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். உன்னவரும் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வருவார். வந்த அன்றே அவிழ்த்துக் காட்டச் சொல்லாதே. தூக்கம் வராமல் பல வாரம் தவித்தால், குடி கூடினால், ராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். அழைத்துப் போக வெட்கப்படாதே.

கடைசியாக, அழுவது பற்றி.

கண்டோன்மென்ட் நிலையத்தில் நான் அழவில்லை. படைக்குப் போகிறவன் முன் பெண் கண்ணீர் விட்டால் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரயில் நகர்ந்தது, கையசைத்தேன், ஒரு சொட்டு விடவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த முதல் கடிதத்தில், நலம் விசாரிப்பெல்லாம் முடிந்து, மடிக்கும் ஓரத்தில் சிறிய எழுத்தில் கேட்டிருந்தார்: "நான் போனதில் உனக்கு வருத்தமே இல்லையா?" ராஜஸ்தான் மணலில் உட்கார்ந்து, ஒரு மாதம், அவர் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அழு அம்மா. அவர் பார்க்கட்டும். ரயில் போன பிறகு நிலையக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, மாமியாருக்கும் உன் அம்மாவுக்கும் டீ வாங்கிக் கொடு. நீயும் ஒன்று குடி.